தொடை இடுக்கில் வலி: எக்ஸ்ரேயா, அல்ட்ராசவுண்டா, எம்ஆர்ஐயா, கைச்சோதனையா?

"எங்கப்பா வலிக்குது?" என்று கேட்டால் பெரும்பாலும் "இடுப்புல சார்" என்றுதான் பதில் வரும். கையை வைத்துக் காட்டச் சொன்ன பிறகுதான் விஷயம் தெரியும். ஒருவர் முதுகின் அடிப்பகுதியைத் தொடுவார். இன்னொருவர் பேன்ட் பாக்கெட்டுக்குக் கீழே, பக்கவாட்டில் துருத்தும் எலும்பைத் தொடுவார். மூன்றாமவர் புட்டத்துக்கு அடியில், தரையில் உட்காரும்போது குத்தும் எலும்பை அழுத்திக் காட்டுவார். கூச்சத்தோடு கவட்டைப் பக்கம் கையைக் கொண்டுபோகிறவர்களும் உண்டு. நான்கும் வேறு வேறு இடம், வேறு வேறு காயம், வேறு வேறு சோதனை. நாம் எல்லாவற்றையும் 'இடுப்பு' என்றே சொல்கிறோம்.

தொடை எலும்பின் பந்து போன்ற தலை, இடுப்பெலும்பின் கிண்ணத்துக்குள் போய் உட்காரும் இடம்தான் இடுப்பு மூட்டு. உடம்பின் முன்பக்கம், தொடை மடியும் கோட்டுக்கு உள்ளே, நல்ல ஆழத்தில் இருக்கிறது. அங்கே கோளாறு என்றால் வலி பெரும்பாலும் முன்னால், தொடை இடுக்கில் வரும். சிலருக்குத் தொடையின் முன்புறம் இறங்கும். சிலருக்கு முழங்காலில் மட்டும் தெரியும். மூட்டுக்குள் வலி உள்ளவர்கள் கட்டைவிரலைப் பின்னாலும் மற்ற விரல்களை முன்னாலும் வைத்து, பக்கவாட்டை அப்படியே கவ்விக் காட்டுவார்கள். அந்தக் கையைப் பார்த்தாலே நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன்.

நான் விளையாட்டு வீரர்களைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட். என்னிடம் வருகிறவர்களில் கபடிப் பையன்கள் அதிகம். அப்புறம் பள்ளி, கல்லூரி ஓட்டக்காரர்கள், போலீஸ் தேர்வுக்கும் ராணுவத் தேர்வுக்கும் விடியற்காலையில் தார்ச்சாலையில் ஓடிப் பழகும் பிள்ளைகள், லீக் கிரிக்கெட்டில் வேகப்பந்து வீசுகிறவர்கள். உட்காருவதற்கு முன்பே கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அண்ணா, எம்ஆர்ஐ எடுத்துட்டு வந்துடட்டுமா?"

பெரும்பாலானவர்களுக்கு என் பதில், "இப்ப வேண்டாம்பா, முதல்ல படு, காலைப் பார்ப்போம்." இரண்டு வகை ஆட்களை மட்டும் அன்றைக்கே படம் எடுக்க அனுப்புவேன். அந்த இரண்டு பேருக்கும் எடுக்க வேண்டிய படம் ஒன்றல்ல. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பலருக்குப் பணம் மிச்சமாகும். சிலருக்கு மூட்டே மிச்சமாகும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கை

2014 நவம்பரில் கத்தாரின் தோஹாவில் 14 நாடுகளைச் சேர்ந்த 24 நிபுணர்கள் கூடினார்கள். வீரர்களின் தொடை இடுக்கு வலிக்கு ஆளாளுக்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டிருந்ததுதான் காரணம். சிகிச்சை பற்றிய 72 ஆய்வுகளை எடுத்துப் பார்த்தால் அவற்றில் 33 விதமான நோய்ப்பெயர்கள் இருந்தன. ஒருவர் 'ஸ்போர்ட்ஸ் ஹெர்னியா' என்பார். குடல் எதுவும் இறங்கியிருக்காது. இன்னொருவர் அதே வலிக்கு எலும்பு அழற்சி என்று எழுதுவார். பெயர் மாறினால் சிகிச்சை மாறும், சில சமயம் கத்தியே வரும். அதனால் இது வெறும் பெயர்ச் சண்டை இல்லை.

அங்கே முடிவானது எளிமையானது. தசை, எலும்பு சார்ந்த வலியை நான்காகப் பிரித்தார்கள்: தொடையின் உள்பக்கத் தசை சார்ந்தது, தொடையைத் தூக்கும் ஆழமான இலியோசோவாஸ் தசை சார்ந்தது, அடிவயிறும் தொடையும் சேரும் கால்வாய்ப் பகுதி சார்ந்தது, நடுவில் இரண்டு இடுப்பெலும்பும் சந்திக்கும் பூப்பெலும்பு சார்ந்தது. இவற்றுக்கு வெளியே, மூட்டுக்குள்ளிருந்து வரும் வலி ஒரு பிரிவு. மற்ற காரணங்கள் இன்னொரு பிரிவு. முதல் நான்கையும் பிரிக்க மெஷின் எதுவும் வேண்டாம் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. கேட்கவேண்டும், தொடவேண்டும், எதிர்விசை கொடுத்துப் பார்க்கவேண்டும், நீட்டிப் பார்க்கவேண்டும்.

கபடியையே எடுத்துக்கொள்ளுங்கள். போனஸ் லைனைத் தாண்டி ஒரு காலை ஊன்றி, பின்காலைத் தரையிலிருந்து எடுக்கும் ரெய்டருக்கு உள்தொடைத் தசை முழு நீளத்துக்கு இழுபடுகிறது. அந்த நொடியில் டிஃபெண்டர் கணுக்காலைப் பிடித்தால், இழுபட்ட நிலையிலேயே அந்தத் தசை முழுப் பலத்தோடு சுருங்கவேண்டும். காயம் பிறப்பது அங்கேதான். அவனைப் படுக்கவைத்து, அந்தத் தசை எலும்பில் ஒட்டும் இடத்தை விரலால் அழுத்தும்போது "ஆ, இதுதான், இதேதான்" என்கிறான். கால்களைச் சேர்த்து அழுத்தச் சொன்னாலும் அதே வலி. இரண்டும் பொருந்தினால் எனக்கு வேறு படம் வேண்டாம். இருமும்போதும் தும்மும்போதும், படுத்த நிலையிலிருந்து எழும்போதும் அடிவயிற்றோரம் சுருக்கென்று குத்தினால் கால்வாய்ப் பக்கம் பார்க்கவேண்டும். உண்மையான குடலிறக்கம் இல்லை என்பதை அறுவை மருத்துவர் ஒருவர் நிற்கவைத்துத் தொட்டு உறுதிசெய்வது நல்லது.

ஒரு சின்ன சோதனையை எல்லாப் பயிற்சியாளரும் கற்றுக்கொள்ளலாம். டென்மார்க்கில் உருவானது, 5 நொடி போதும். வீரர் மல்லாந்து, காலை நீட்டிப் படுக்கவேண்டும். இரண்டு கணுக்காலுக்கும் நடுவே உங்கள் முன்கையை வைத்து, முழுப் பலத்தோடு 5 நொடி நெருக்கச் சொல்லுங்கள். பிறகு வலிக்கு 0 முதல் 10 வரை ஒரு எண் கேளுங்கள். 0 முதல் 2 வரை என்றால் பச்சை, ஆடலாம். 3 முதல் 5 வரை மஞ்சள், கவனித்து ஆடவேண்டும். 6-ம் அதற்கு மேலும் சிவப்பு, இன்று களத்தில் இறங்கவேண்டாம். வாரம் ஒருமுறை அணி முழுவதையும் இப்படிப் பார்த்து ஒரு நோட்டில் எழுதிவைத்தால், வலி பெரிதாவதற்கு முன்பே ஆளைப் பிடித்துவிடலாம். காசு செலவில்லாத இந்தச் சோதனை நம் மைதானங்களில் அநேகமாக எங்கேயும் நடப்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

மூட்டுக்குள் பிரச்சினையா என்று பார்க்க, தொடையை வயிற்றை நோக்கி மடக்கி, உள்பக்கமாகக் கொண்டுவந்து, பாதம் வெளியே போகும்படி திருப்புவோம். ஃபேடிர் என்று பெயர். இதில் வலி வரவில்லை என்றால் பெரிய நிம்மதி, மூட்டின் மேல் உள்ள சந்தேகம் வெகுவாகக் குறைந்துவிடும். வலி வந்தால் மட்டும் எதையும் உறுதியாகச் சொல்லமுடியாது. பல கோளாறுகளில் அது வலிக்கும். லேப்ரம் என்பது கிண்ணத்தின் விளிம்பில் ரப்பர் வளையம் போல ஓடும் பகுதி. 'ஃபேடிர் பாசிட்டிவ், அதனால் லேப்ரம் கிழிந்திருக்கிறது' என்று ஒரே மூச்சில் எழுதிக் கொடுப்பவர்களிடம் கொஞ்சம் நிதானம் தேவை.

சரி, கை எங்கே தோற்கும்? எலும்புக்குள் நடப்பதை விரல் தொடமுடியாது. அதை நான் கஷ்டப்பட்டுத்தான் கற்றேன்.

ஓடுகிறவருக்கு எம்ஆர்ஐ

போலீஸ் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்த ஒரு பெண். வலது தொடை இடுக்கில் மூன்று வாரமாக வலி. வேறு ஓரிடத்தில் எக்ஸ்ரே எடுத்து, நார்மல், சதைப்பிடிப்பு என்று சொல்லியிருந்தார்கள். நான் பார்த்தபோது தசைகளை எங்கே அழுத்தினாலும் வலியில்லை. தொடையை உள்பக்கம் திருப்பும்போது மட்டும், கடைசியில், ஆழத்தில் ஒரு வலி. எனக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும். வந்தது, ஆனால் போதுமான அளவு வரவில்லை. "ஒரு வாரம் ஓடாதேம்மா, அப்புறம் பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டேன். தேர்வு நெருங்குகிறது என்ற பயத்தில் நான்காம் நாள் ஓடிவிட்டாள். திரும்பி வந்தபோது நொண்டிக்கொண்டே வந்தாள். எம்ஆர்ஐ எடுத்தோம். தொடை எலும்பின் கழுத்தில் அழுத்த முறிவு. கீழ்ப்பக்கத்தில் சின்ன விரிசல், விலகவில்லை. ஊன்றுகோலோடு பல வாரம் இருந்து ஆறிவிட்டது. அந்தப் படத்தை மருத்துவர் திரையில் காட்டிய நிமிஷத்தை நான் மறக்கவில்லை.

அது ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், தொடை எலும்பின் கழுத்து ஒரு வளைந்த தாங்குகட்டை மாதிரி. நாம் ஊன்றும்போது கீழ்ப்பக்கம் அமுங்குகிறது, மேல்பக்கம் பிளக்கப் பார்க்கிறது. கீழ்ப்பக்க விரிசல் சின்னதாக இருந்தால் எடை ஏற்றாமல் வைத்திருந்தே பெரும்பாலும் ஆற்றிவிடலாம். மேல்பக்க விரிசல் ஒவ்வொரு அடிக்கும் அகலும். அது முழுதாக உடைந்து விலகிவிட்டால் எலும்புத் தலைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சேதமாகி, தலை செத்துப்போகக்கூடும். இருபது வயதில் செயற்கை மூட்டைப் பற்றிப் பேசவேண்டிய நிலை வரும். அதனால் மேல்பக்க விரிசலுக்கு ஸ்க்ரூ போடுவதையே பெரும்பாலும் தேர்ந்தெடுக்கிறார்கள். இரண்டில் எது என்று கையாலும் தெரியாது, ஆரம்ப வாரங்களில் எக்ஸ்ரேயிலும் தெரியாமல் போகலாம். எம்ஆர்ஐயில் எலும்புக்குள் நீர் கோத்திருப்பதே முதலில் தெரிந்துவிடும். விரிசல் முழுதாக உருவாவதற்கு முன்பே பிடிக்க முடியும்.

ஆகவே ஓடுகிற ஆள், சமீபத்தில் தூரத்தையோ வேகத்தையோ திடீரென்று கூட்டியவர், தசையில் தொட்டால் வலியில்லை, ஊன்றினால் வலிக்கிறது, சில நேரம் ராத்திரியும் வலிக்கிறது என்றால், எக்ஸ்ரே நார்மல் என்ற காகிதத்தை நம்பி உட்காரக்கூடாது. அன்றே ஓட்டம் நிற்கவேண்டும், எம்ஆர்ஐ வரும்வரை ஊன்றுகோல். 'ஒற்றைக்காலில் குதித்துக் காட்டு' என்று சோதிக்கும் பழக்கத்தையும் இந்த இடத்தில் விட்டுவிடுங்கள். அந்த ஒரு குதியிலேயே விரிசல் விலகிப்போகலாம்.

பெண் பிள்ளைகளிடம் மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று கேட்பது என் வேலையின் பகுதி. அம்மாவோ அக்காவோ பக்கத்தில் இருக்கும்போது மெதுவாகக் கேட்பேன். உடம்பு செலவழிக்கும் அளவுக்குச் சாப்பாடு போகவில்லை என்றால் மாதவிடாய் நிற்கும், எலும்பும் வலுவிழக்கும். 2014-இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இதற்கு ரெட்-எஸ் என்று பெயர் வைத்தது. ஆண்களுக்கும் இது வரும் என்பதை அப்போதே சேர்த்துச் சொன்னது. எடை குறைத்தால் வேகம் கூடும் என்று இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஓடும் பையன்களை நான் நிறையப் பார்க்கிறேன்.

வளரும் பிள்ளைக்கு எக்ஸ்ரே

இங்கே கணக்கு அப்படியே தலைகீழ். 10 முதல் 16 வயதுக்குள் இருக்கும் பிள்ளை நொண்டிக்கொண்டு வந்தால், எம்ஆர்ஐக்கு வரிசையில் நிற்கவேண்டாம், முதலில் எக்ஸ்ரே. அந்த வயதில் எலும்புகளில் வளர்ச்சித் தட்டு இன்னும் மூடியிருக்காது. எலும்பிலேயே பலம் குறைந்த இடம் அதுதான்.

இரண்டு விஷயங்களைத் தேடுகிறோம். ஒன்று, தொடை எலும்பின் தலை அந்தத் தட்டில் வழுக்கிப்போவது. உடல் பருமனான பிள்ளைகளுக்கு இது அதிகம், ஒல்லியானவர்களுக்கும் வரும். இதில் ஏமாற்றுவது என்னவென்றால், பல பிள்ளைகள் முழங்காலைக் காட்டித்தான் அழுவார்கள். முழங்காலை எக்ஸ்ரே எடுத்து, நார்மல் என்று சொல்லி, எண்ணெய் தேய்க்கச் சொல்லி அனுப்பினால் நாள்கள் போய்விடும். வளரும் பிள்ளையின் முழங்கால் வலிக்கு இடுப்பு மூட்டையும் பார்த்தே தீரவேண்டும். படுக்கவைத்துத் தொடையை மடக்கினால், அது தானாக வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டு போகும். அதைப் பார்த்தால் பிள்ளையை நடக்கவிடாதீர்கள், அன்றே எலும்பு மருத்துவரிடம் போகவேண்டும். படத்தில் இரண்டு பக்க மூட்டும் தெரியவேண்டும், நேர்ப்படம் ஒன்று, தவளை மாதிரி காலை மடக்கி விரித்து எடுக்கும் படம் ஒன்று. நேர்ப்படம் மட்டும் எடுத்தால் லேசான வழுக்கல் கண்ணில் படாமல் போகலாம்.

இன்னொன்று, தசை இழுத்த இழுப்பில் எலும்புத் துண்டே பிய்ந்து வருவது. நூறு மீட்டர் ஸ்டார்ட்டில், ஃபுட்பாலை ஓங்கி உதைக்கையில், நீளம் தாண்டுகையில் 'படக்' என்று ஒரு சத்தம், அப்படியே உட்கார்ந்துவிடுவான். பெரியவருக்குத் தசை கிழியும் அதே விசை, பிள்ளைக்கு எலும்பைப் பெயர்க்கும். உட்காரும் எலும்பிலும் இடுப்பெலும்பின் முன்முனைகளிலும் இது நடக்கும். பெரும்பாலும் ஆபரேஷன் இல்லாமலே ஆறிவிடும். ஆனால் சதைப்பிடிப்பு என்று நினைத்து இரண்டாம் வாரமே ஓடவிட்டால், ஆற வேண்டியது இன்னும் தள்ளிப்போகும்.

ஊரில் எண்ணெய் போட்டு நீவி, இழுத்துவிடும் வழக்கம் உண்டு. என் தாத்தாவும் பாட்டியும் அதை நம்பினார்கள், பல சின்ன வலிகளில் அது இதமாகவும் இருந்திருக்கும். ஆனால் வழுக்கிக்கொண்டிருக்கும் எலும்புத் தலையையும் விரிசல் விட்ட கழுத்தையும் இழுத்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அடிபட்டு ரத்தம் கட்டிய தொடைத் தசையை அழுத்தி நீவினால் அந்த ரத்தக்கட்டே எலும்பாக இறுகிப்போகவும் வாய்ப்புண்டு. வளரும் பிள்ளைக்கும் ஓட்டக்காரருக்கும் படம் பார்க்கும்வரை யாரையும் கைவைக்க விடாதீர்கள் என்று பெற்றோரைக் கெஞ்சியே கேட்கிறேன்.

வளர்ந்தவர்களிடமும் எக்ஸ்ரேக்கு ஒரு வேலை இருக்கிறது. மூட்டின் வடிவத்தை அது நன்றாகக் காட்டும்: தொடை எலும்புக் கழுத்தில் கூடுதல் மேடு இருக்கிறதா, கிண்ணம் ஆழம் குறைவா, தேய்மானம் தொடங்கிவிட்டதா. விலை குறைவு, சின்ன ஊரிலும் கிடைக்கும். மூட்டு வலி என்று சந்தேகம் வந்தால் எம்ஆர்ஐக்கு முன்பே இதை எடுத்துவிடுவது என் வழக்கம்.

படம் காட்டுவதெல்லாம் காரணமா?

எம்ஆர்ஐயை ஓட்டக்காரருக்கு அவ்வளவு வலியுறுத்திவிட்டு, கபடிப் பையனுக்கு ஏன் தடுக்கிறேன் என்று கேட்கலாம். அது நிறையக் காட்டும் என்பதுதான் சிக்கலே. 2012-இல் வெளியான ஓர் ஆய்வில் இடுப்பு வலியே இல்லாத 45 பேரை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். 69 சதவீதம் பேருக்கு லேப்ரம் கிழிந்திருந்தது. வலியில்லாமல் நடமாடுகிறவர்களுக்கே இப்படி என்றால், வலியோடு வந்தவரின் ரிப்போர்ட்டில் 'லேப்ரல் டியர்' என்ற வார்த்தை இருப்பதாலேயே அதுதான் வலிக்குக் காரணம் என்று எப்படிச் சொல்வது? உள்தொடைத் தசை வலியோடு வந்த பையன் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, இணையத்தில் தேடி, ஆபரேஷன் பயத்தில் தூக்கம் தொலைத்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அவனுக்குத் தேவைப்பட்டது படிப்படியான பலப் பயிற்சி.

2016-இல் இங்கிலாந்தின் வாரிக்கில் கூடிய நிபுணர்கள் இதையே அழுத்திச் சொன்னார்கள். எலும்பு எலும்போடு இடிக்கும் கோளாறு என்று முடிவுசெய்ய மூன்றும் வேண்டும்: ஆள் சொல்லும் வலி, கைச்சோதனையில் தெரியும் அடையாளம், படத்தில் தெரியும் வடிவம். படம் மட்டும் இருந்தால் அது உடம்பின் அமைப்பு, நோய் அல்ல.

இன்னொரு உதாரணம் எல்லாருக்கும் தெரிந்த ஆள், டென்னிஸ் வீரர் ரஃபேல் நடால். 2023 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓப்பன் இரண்டாம் சுற்றில் தோற்றபோது இடதுபக்க இலியோசோவாஸ் தசையில் காயம். மறுநாள் எம்ஆர்ஐ எடுத்து, இரண்டாம் நிலைக் காயம், ஆற 6 முதல் 8 வாரம் என்று அறிவித்தார்கள். உலகத்திலேயே நல்ல மருத்துவக் குழு, நல்ல மெஷின். ஆனால் அந்த வருஷம் கிட்டத்தட்ட முழுக்க அவரால் திரும்ப முடியவில்லை. ஜூனில் ஆபரேஷன் நடந்தது, 2024 ஜனவரியில்தான் மறுபடி ஒற்றையர் ஆட்டம் ஆடினார். காயத்தின் அளவைப் படம் சொல்லும். அந்த உடம்பு எவ்வளவு நாளில் சம்மதிக்கும் என்பதை அது சொல்லாது.

மற்றவை

அல்ட்ராசவுண்டுக்கு ஒரே ஒரு பெரிய பலம், அசையும்போது பார்க்கலாம். காலை மடக்கி நீட்டும்போது 'டக்' என்று தெறிக்கும் தசைநாரை, இருமும்போது பிதுங்கும் குடலிறக்கத்தை அதில் நேரடியாகப் பார்க்கலாம். எலும்புக்குள்ளும் மூட்டின் ஆழத்திலும் அது எட்டாது. செய்கிறவரின் பழக்கத்தையும் பொறுத்தது. விளையாட்டுக் காயங்களைப் பார்த்துப் பழகிய ரேடியாலஜிஸ்ட் உங்கள் ஊரில் இருந்தால் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் 'நார்மல்' என்ற ரிப்போர்ட்டை வைத்து நிம்மதியடைய வேண்டாம்.

சிடி ஸ்கேனை நான் அநேகமாகக் கேட்பதில்லை. ஆபரேஷனுக்கு முன் எலும்பின் வடிவத்தை அளக்கவும், பைக்கில் விழுந்தது போன்ற பெரிய அடியில் இடுப்பெலும்பு உடைந்திருக்கிறதா என்று பார்க்கவும் அது தேவை. மற்றபடி, பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்களின் இடுப்புப் பகுதிக்குக் காரணமில்லாமல் அவ்வளவு கதிர்வீச்சு வேண்டாம்.

மூட்டுக்குள் மரத்துப்போகும் ஊசி போட்டுப் பார்ப்பதும் ஒரு சோதனைதான். வலி மூட்டிலிருந்து வருகிறதா, வெளியிலிருந்தா என்று எல்லாவற்றையும் பார்த்த பிறகும் குழப்பம் இருந்தால், அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே மருந்தைச் செலுத்தி, கொஞ்ச நேரத்தில் அதே அசைவுகளை மறுபடி செய்யச் சொல்வார்கள். வலி மறைந்தால் மூட்டுதான். ஆபரேஷன் பற்றி யோசிக்கும் கட்டத்தில் இதற்கு மதிப்பு உண்டு. மேட்ச் ஆடுவதற்காக இந்த ஊசியைக் கேட்கிறவர்களுக்கு என் பதில் எப்போதும் இல்லை என்பதுதான்.

பெரிய அடி பட்டு, கால் ஒருபக்கம் திரும்பி, மடங்கிய நிலையிலேயே அசைக்க முடியாமல் கிடந்தால் எதை எடுப்பது என்ற கேள்வியே இல்லை, ஆம்புலன்ஸ்தான். மூட்டு நழுவியிருந்தால் மணிக்கணக்கு முக்கியம். 1991 ஜனவரியில் அமெரிக்கன் ஃபுட்பால், பேஸ்பால் இரண்டும் ஆடிய போ ஜாக்சனுக்கு ஒரு ஃபுட்பால் ஆட்டத்தில் இடுப்பு மூட்டு நழுவியது. ரத்த ஓட்டம் கெட்டு எலும்புத் தலை செத்துப்போய், கடைசியில் மூட்டையே மாற்றவேண்டி வந்தது. செயற்கை மூட்டோடு 1993-இல் பேஸ்பாலுக்குத் திரும்பினார், ஃபுட்பால் அதோடு முடிந்தது.

ரிப்போர்ட் எழுதி வாங்கும் இடத்தில்

இடுப்பு என்ற சொல்லுக்கு மறுபடி வருகிறேன். ஸ்கேன் சென்டருக்குப் போய் 'இடுப்பு எம்ஆர்ஐ' என்று வாயால் கேட்டால், முதுகுத்தண்டின் அடிப்பகுதியை எடுத்துக் கொடுத்துவிடும் வாய்ப்பு அதிகம். தொடை எலும்புக் கழுத்து அந்தப் படத்துக்குள்ளேயே வராது. டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கிறது என்று வரும், அதற்கே சிகிச்சை தொடங்கிவிடுவார்கள். இப்படி ஒரு ஃபைலோடு வந்தவர்கள் என்னிடமே உண்டு. மருத்துவரின் சீட்டில் எந்த மூட்டு, எந்தப் பக்கம், என்ன சந்தேகம் என்று மூன்றும் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மெஷினுக்குள் படுங்கள். 'வலது இடுப்பு மூட்டு, தொடை எலும்புக் கழுத்தில் அழுத்த முறிவு சந்தேகம்' என்று எழுதினால் ரேடியாலஜிஸ்ட் அதைத் தேடுவார்.

செலவைப் பற்றி: தனியார் சென்டரில் எம்ஆர்ஐக்குப் பல ஆயிரம் ஆகும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அதைவிடக் குறைந்த கட்டணத்தில் எடுக்கிறார்கள், ஆனால் காத்திருக்கவேண்டி வரலாம். ஊன்றுகோலோடு வீட்டில் இருந்து காத்திருக்க முடியும், ஓடிக்கொண்டே காத்திருக்கத்தான் முடியாது. அழுத்த முறிவு சந்தேகம் என்று சீட்டில் தெளிவாக இருந்தால் சீக்கிரமாக ஒரு தேதி தரமுடியுமா என்று கேட்டுப் பாருங்கள். கூச்சப்படவேண்டாம்.

கைச்சோதனையில் தசை என்று தெரிந்தவர்களுக்கு, ஆறு முதல் எட்டு வாரம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் முன்னேற்றமே இல்லை என்றால் நானே எம்ஆர்ஐ கேட்பேன். அப்போது அதற்கு ஒரு கேள்வி இருக்கும். 1999-இல் வெளியான டென்மார்க் ஆய்வில், நாள்பட்ட உள்தொடை வலிக்கு மசாஜும் மின்சாரச் சிகிச்சையும் வாங்கியவர்களைவிட, பலப் பயிற்சி செய்தவர்கள் மிக அதிகமாக வலியில்லாமல் மைதானத்துக்குத் திரும்பினார்கள். அதனால் அந்த வாரங்கள் சும்மா காத்திருக்கும் வாரங்கள் அல்ல.

சென்ற மாதம் ஒரு ரெய்டர் வந்தான். மாவட்ட அளவில் ஆடுகிறவன், எம்ஆர்ஐக்கென்று அப்பா கடன் வாங்கிய பணத்தைச் சட்டைப்பையில் வைத்திருந்தான். உள்தொடைத் தசையில் அழுத்தினால் வலி, நெருக்கச் சொன்னால் 7. ஃபேடிர் சுத்தமாக இருந்தது. தொடையை எந்தப் பக்கம் திருப்பினாலும் சிரமமில்லை, ஊன்றினால் வலியில்லை, இருமினால் வலியில்லை. பணத்தை அப்பாவிடமே கொடுத்துவிடச் சொன்னேன். இரண்டாம் வாரம் 5, நான்காம் வாரம் 3. நேற்று மைதானத்திலிருந்து போன் பண்ணினான். பயிற்சியாளரே முன்கையை வைத்துப் பார்த்தாராம். "அண்ணா, 1 சொன்னேன். ரெய்டு போகட்டுமா?" என்றான். முதல் வாரம் போனஸ் லைனை மறந்துவிடு, மற்றதெல்லாம் ஆடு என்று சொல்லியிருக்கிறேன்.